மொட்டைமாடிக் கள்ளிகளைப் பேரினம் பார்த்துப் பிரித்த கதை

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. பாளையங்கோட்டையில் அவ்வளவு பெய்யவில்லை என்றாலும் எங்கள் மொட்டைமாடித் தொட்டிகள் எல்லாம் நன்றாக ஊறிவிட்டன. வெயில் வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சேதம் ஒரே சீராக இல்லை. மாமில்லேரியா என்ற உருண்டைக் காக்டஸ் அடியில் பழுப்பேறிக் கொழகொழவென்று ஆகியிருந்தது. அடீனியத்தின் பருத்த அடித்தண்டை அமுக்கினால் விரல் உள்ளே போனது. பக்கத்திலேயே, அதே மண்ணில், அதே மழையில் நின்ற சதுரக்கள்ளிக்கு ஒன்றுமே ஆகவில்லை. தொட்டி இடுக்கில் தானாக முளைத்த பருப்புக்கீரையோ முன்னைவிடத் தளதளவென்று இருந்தது.

இந்தச் செடிகளில் பாதிக்கு மேல் நர்சரியில் ‘காக்டஸ்’ என்ற ஒரே பலகையின் கீழ் வாங்கியவை. மண்ணும் ஒன்று, தண்ணீர் விடும் நாளும் ஒன்று என்றுதான் எல்லாவற்றையும் வளர்த்துவந்தேன். மழைக்குப் பிறகு வேலையை இப்படி வகுத்துக்கொண்டேன்: எல்லாத் தொட்டியையும் பிரிப்பது, எது எந்தப் பேரினம் (ஒரு குடும்பத்துக்குள் நெருங்கிய சிற்றினங்களின் கூட்டம்) என்று பார்ப்பது, அதற்கேற்ப மண்ணையும் இடத்தையும் மாற்றுவது. பிழைக்கக்கூடியதை ஒட்டுக் கட்டிக் காப்பாற்றுவது. அந்த வேலையின் பதிவு இது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, அவர் அறிந்த முள்கள்ளிகள் அத்தனையையும் ‘காக்டஸ்’ என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் என்ற லண்டன் தோட்டக்காரர் ஒபன்ஷியா, சிரியஸ் என்று பிரித்து எழுதினார். தோட்டத்தில் கை வைத்து வேலை செய்தவருக்கு அந்தப் பிரிவு தேவைப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று அந்தக் குடும்பத்தில் மட்டும் 100-க்கு மேல் பேரினங்கள். அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ரிப்சாலிஸ் ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிறது. நம் ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இந்தக் குடும்பமே இல்லை. அவை யூபோர்பியா, அதாவது ஆமணக்கின் உறவு.

முதலில் லென்ஸ்

நகைப் பட்டறையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். முள் கிளம்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான காக்டஸ் என்றால் ஒவ்வொரு முள்கொத்துக்கும் அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு சிறு திட்டு இருக்கும். ஏரியோல் என்பார்கள். பெரும்பாலும் முள், பூ, புதுக்கிளை எல்லாம் அங்கிருந்துதான் வரும். அது இருந்தால் காக்டஸ் குடும்பம், இல்லாவிட்டால் இல்லை. இதற்கு விதிவிலக்கை நான் பார்த்ததில்லை.

சதுரக்கள்ளியில் பஞ்சுத் திட்டு கிடையாது. விளிம்பில் சின்னப் புடைப்பு, அதன்மேல் இரண்டிரண்டாக முள். இலைக்கள்ளியிலும் அப்படியே. திருகுகள்ளிக்கு முள்ளே இல்லை.

பால் வந்தால் யூபோர்பியா, வராவிட்டால் காக்டஸ் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் மாமில்லேரியாவில் சில சிற்றினங்களைக் கீறினால் வெள்ளைப் பால் நன்றாகவே வருகிறது. என்னிடம் இருந்த ஒன்றும் அப்படித்தான். பாலை மட்டும் நம்பியிருந்தால் அதை யூபோர்பியா வரிசையில் வைத்திருப்பேன். மாமில்லேரியாவுக்கு வேறு ஓர் அடையாளமும் உண்டு. அதன் உடம்பு முழுக்கச் சிறு குமிழ்கள். முள் குமிழின் நுனியில் இருக்கும், பூ மட்டும் குமிழ்களுக்கு நடுவே உள்ள இடுக்கிலிருந்து வரும். அதனால்தான் தலையைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி வளையமாகப் பூக்கிறது.

சப்பாத்திக்கள்ளிக்கு, அதாவது ஒபன்ஷியாவுக்கு, லென்ஸ் வேண்டியதில்லை. கை சொல்லிவிடும். பெரிய முள்ளைச் சுற்றி மயிர் மாதிரி நுண்முள் கற்றை இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. பட்டால் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. இந்தச் செடியைத் தூக்க நான் கையுறை போடுவதில்லை. கையுறைத் துணியில் முள் தங்கி அடுத்த முறை குத்தும். செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, செடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்குவதுதான் சௌகரியம்.

யூபோர்பியாவின் பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நர்சரிகளில் ‘யூபோர்பியா’ என்றே விற்கிற, சிவப்பு, இளஞ்சிவப்புப் பூ பூக்கும் முள்செடியில் நாம் இதழ் என்று நினைப்பது இதழ் இல்லை. இரண்டு பூவடிச் செதில்கள் அவை. அவற்றுக்கு நடுவே ஒரு குட்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு மகரந்தத் தாளும் தனித்தனி ஆண்பூ. நடுவில் ஒரே ஒரு பெண்பூ, மூன்று அறையுள்ள சூலகத்தோடு. லென்ஸை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, வாசல் ஓரத்தில் படர்ந்திருந்த அம்மான் பச்சரிசியில் ஒரு கிளையைக் கிள்ளி அதே லென்ஸில் வைத்தேன். ஒரு மில்லிமீட்டர் தேறும் கிண்ணம், அதன் விளிம்பில் சிவந்த சுரப்பிகள், ஓரமாகக் காம்போடு தலைசாய்த்துத் தொங்கும் மூன்று பிளவுள்ள காய். அளவு மட்டும்தான் வேறு, அமைப்பு அப்படியே. கிள்ளிய இடத்தில் பாலும் வந்தது. தரையோடு கிடக்கும் அந்தப் பூண்டும் யூபோர்பியா, இரண்டு ஆள் உயரத்துக்கு வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் யூபோர்பியா. ஏறக்குறைய 2,000 சிற்றினங்கள் உள்ள பேரினம் அது.

இந்த இடத்தில்தான் என் திட்டத்தையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. பேரினம் பார்த்து அடுக்கினால் அம்மான் பச்சரிசியும் சதுரக்கள்ளியும் ஒரே தொட்டி வரிசைக்கு வரும். தண்ணீர்த் தேவையில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. ஒன்று மழை ஈரத்தில் முளைத்துச் சில மாதத்தில் விதை போட்டுப் போய்விடுவது, மற்றது பல வருஷம் நிற்பது. யோசித்துப் பார்த்தால் பேரினம் நமக்குச் சொல்வது சொந்தபந்தத்தை: பால் உண்டா, நஞ்சு உண்டா, எதோடு எது ஒட்டும், எந்தப் பூச்சி வரும், பூ எப்படி இருக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதைச் செடியின் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் உடம்பைப் பார்த்துத் தட்டு பிரித்தேன், தட்டுக்குள் பேரினம் பார்த்து அடுக்கினேன்.

மண்

உருண்டைக் காக்டஸ்களுக்கு நான் கலப்பது: சல்லடையில் சலித்துத் தூசி போகக் கழுவிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள மாவு அடியில் போய் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், அதனால் இந்த வேலையைத் தவிர்க்க வழியில்லை. செங்கல் துண்டு பச்சைப்பட்டாணி அளவில் இருந்தால் நல்லது. சதுரக்கள்ளிக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் பாதிக்குப் பாதி செம்மண் போட்டாலும் தாங்கும். தென்னை நார்க்கழிவை நான் இந்தப் பக்கமே சேர்ப்பதில்லை. காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, நனைந்தால் விடாது.

தொட்டி அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண்ணின் கீழ்ப்பகுதி முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டும். ஆகவே ஜல்லி போட்டால் அந்த ஈரப் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஓட்டைமேல் ஒரு ஓட்டுச் சில்லு, மேலே கடைசிவரை ஒரே கலவை, அவ்வளவுதான். கலவை சரியா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் போதும், சில நொடியில் அடியில் வந்துவிட வேண்டும்.

தண்ணீர் மாலையில். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடி வைத்திருந்து, இரவில் திறந்து காற்றை வாங்கி அமிலமாகச் சேமித்துக்கொள்கின்றன. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் நடுப்பகலில் ஊற்றினால் மண்ணும் தண்ணீரும் சூடாகி வேர் வெந்துவிடும்.

ஒட்டுக் கட்டியது

அழுகியவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘மூன் காக்டஸ்’. பச்சைக் குச்சியின் தலையில் சிவப்பு உருண்டையோடு விற்பார்களே, அது. உருண்டை ஜிம்னோகாலிசியம் என்ற பேரினம். பச்சையமே இல்லாமல் பிறந்த ரகம் அது, தனியாக மண்ணில் வைத்தால் உணவு தயாரிக்க முடியாது. அடியில் இருக்கும் மூன்று பட்டைக் குச்சி டிராகன் பழக் கொடி. ஹைலோசிரியஸ் என்று இருந்த அந்தப் பேரினத்தை 2017-ல் செலினிசிரியஸோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு பேரினம், ஆனால் ஒரே குடும்பம், அதனால் ஒட்டுகிறது. மழையில் அழுகியது கீழ்க்குச்சி. மேலே உருண்டை கல் மாதிரி நன்றாக இருந்தது. அப்படியே விட்டால் அழுகல் மேலே ஏறும்.

டிராகன் பழக் குச்சி இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு சாண் நீளத்தில் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, பிறகு மணலில் நட்டு வேர் விட வைத்தேன். ஒட்டுக்கு ஏற்ற காலம் தை, மாசி. காற்றில் ஈரம் குறைவு, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

செய்முறை இதுதான். புது சவரப் பிளேடு, ஸ்பிரிட்டில் துடைத்தது. குச்சியின் தலையைச் சமமாக ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், அறுக்கக் கூடாது. மூன்று பட்டைகளின் ஓரத்தையும் சரிவாகச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் நடுச்சதை காய்ந்து சுருங்கிக் குழி விழும், மேலே வைத்த உருண்டை தூக்கிக்கொள்ளும். அப்புறம் உருண்டையின் அடியை, அழுகல் நிறம் துளியும் தெரியாத அளவுக்கு, மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் இன்னொரு சீவல். இரண்டு வெட்டுவாயிலும் நடுவே வெளிர் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். தண்ணீரும் உணவும் போகும் குழாய்கள் அவை. இந்த வளையமும் அந்த வளையமும் எங்கேயாவது ஓர் இடத்திலாவது ஒன்றையொன்று தொட வேண்டும். உருண்டையின் வளையம் சிறியது என்றால் நடுவில் வைக்காமல் சற்றே ஓரம் தள்ளி வைத்தால் இரண்டும் குறுக்கிடும். வைத்ததும் லேசாகத் திருகி, நடுவில் காற்று இல்லாமல் அமுக்கி, தொட்டிக்கு அடி வழியாக இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினேன். வெட்டுவாயில் தண்ணீர் படாமல், நிழலில், கிட்டத்தட்ட பத்து நாள். ரப்பர் பேண்டை எடுத்த பிறகு உருண்டையை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தால் குச்சியும் சேர்ந்து அசைந்தது. பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் செடியின் ஆயுள் குறைவாக இருப்பதற்கு ஒட்டு காரணம் இல்லை என்பது என் எண்ணம். டிராகன் பழக் கொடி காட்டு மரத்தில் ஏறி வளர்வது, ஓரளவு ஈரமும் உரமும் கேட்பது. ஜிம்னோகாலிசியம் தரையோடு கிடந்து மெதுவாக வளர்வது. மேலே இருப்பதைப் பார்த்துப் பட்டினி போட்டால் கீழே இருப்பது வாடும். இதற்கு மட்டும் மற்ற உருண்டைகளைவிட அடிக்கடி தண்ணீர் விடுகிறேன், முழு வெயிலிலும் வைப்பதில்லை.

அடுத்தது ‘கோரல் காக்டஸ்’. பெயரில் காக்டஸ் இருக்கிறதே தவிர மேலேயும் கீழேயும் யூபோர்பியாதான். மேலே விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்பது யூபோர்பியா லாக்டியாவின் கொண்டை விட்ட வடிவம். கீழே இருப்பது யூபோர்பியா நெரிஃபோலியா, நம் இலைக்கள்ளி. இது தெரிந்ததும் எனக்கு இருந்த கவலை போய்விட்டது. வேலிக்கு நடும் இலைக்கள்ளியில் ஒரு குச்சி வாங்கி வேர் விட வைத்தால் வேர்ச்செடி கையில் இருக்கிறது.

முறை முன்னது மாதிரிதான், பால் மட்டும் வேறு சிக்கல். வெட்டியதும் இரண்டு பக்கமும் பால் கொப்பளிக்கும். அதைத் துடைக்காமல் வைத்தால் நடுவில் ரப்பர் படலமாக உறைந்து ஒட்டை மறித்துவிடும். வெட்டுவாயைத் தண்ணீரில் அலசி, சுத்தமான துணியால் ஒற்றி, மறுபடி அலசி, பால் நிற்கும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். நின்ற உடனே சேர்த்துக் கட்டிவிட வேண்டும். விசிறி தட்டையாக இருப்பதால் அடியை ஆப்பு மாதிரிச் சீவி, குச்சியின் தலையில் பிளவு போட்டுச் செருகினேன். சுற்றிலும் ஒட்டுக் கட்டும் பாலித்தீன் நாடா.

யூபோர்பியா வேலைக்குக் கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், பார்வையே மங்கும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது. திருகுகள்ளி இதில் ரொம்பவே கடுமையானது. முள் இல்லை என்பதால் குழந்தைகள் ஒடித்து விளையாடுகிறார்கள். எங்கள் மாடியில் அதை வைக்கவே இல்லை.

ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ள, மிஞ்சிய மாமில்லேரியாத் துண்டு ஒன்றை இலைக்கள்ளிக் குச்சியிலும் கட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே காய்ந்து கழன்று விழுந்தது. வெளியே பார்க்க இரண்டும் முள்ளும் சதையுமாக ஒரே ஜாடைதான். குடும்பம் வேறு என்றால் குழாய் சேராது.

அடீனியம் இன்னொரு குடும்பம். அரளியும் எருக்கும் அதன் சொந்தம். அழுகிய அடித்தண்டைக் கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து மறுபடி நட்டேன். பிழைத்தது, ஆனால் அடிப்பருமன் போய்விட்டது, அது திரும்ப வர வருஷங்கள் ஆகும். இதன் பாலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். வெட்டிய கத்தியைத் தனியாகக் கழுவுவது நல்லது.

சப்பாத்திக்கள்ளியும் சிவப்புப் பூச்சியும்

சப்பாத்திக்கள்ளித் தொட்டியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்து மாவுப்பூச்சி என்றுதான் குச்சியால் நசுக்கினேன். உடனே இரத்தச் சிவப்பாக ஒரு கறை. அது மாவுப்பூச்சி இல்லை, கொச்சினீல் வகைப் பூச்சி. பேரினப் பெயர் டாக்டிலோபியஸ். இதற்கும் நம் மாநிலத்துக்கும் பெரிய கதை ஒன்று இருக்கிறது.

ஒபன்ஷியா நம் நாட்டுச் செடி இல்லை. சிவப்புச் சாயத்துக்காகக் கொச்சினீல் பூச்சி வளர்க்கும் ஆசை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்தது. 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. நல்ல சாயம் தரும் டாக்டிலோபியஸ் காக்கஸ் என்று நம்பிக் கொண்டுவந்தார்கள். வந்தது டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்ற வேறு சிற்றினம். சாயம் தேறவில்லை. ஆனால் அது ஒபன்ஷியா மோனகாந்தா என்ற சப்பாத்திக்கள்ளியை ஏறக்குறைய துடைத்தே போட்டது. பிறகு, களையை அழிப்பதற்கென்றே அதைத் தென்னிந்தியாவுக்கும் 1863-ஐ ஒட்டி இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். பூச்சியை வைத்துக் களையை ஒழிக்கும் வேலையில் உலகின் ஆரம்பகால உதாரணம் இது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பூச்சி மோனகாந்தாவைத் தின்றதே தவிர, நம் கரிசல் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் புதராக மண்டிய ஒபன்ஷியா டில்லேனியை விட்டுவிட்டது. அதற்கு டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற இன்னொரு சிற்றினம் வேண்டியிருந்தது. 1926-ல் அது இலங்கை வழியாக இங்கே வந்தது. ஆள் நுழைய முடியாத புதர்கள் சில ஆண்டுகளில் சரிந்தன. இன்று சப்பாத்திக்கள்ளியை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்க்கிறோம் என்றால் காரணம் இந்தப் பூச்சிதான். பேரினம் அறிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தப் பூச்சியைக் காட்டுவேன். ஒரே பேரினத்துக்குள் இது தனக்கான சிற்றினத்தைத் தேடி எடுக்கிறது.

என் தொட்டிக்கு மருந்து அடிக்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புக் கரைசல், அதன்பின் குழாயைப் பீய்ச்சிக் கழுவல். பஞ்சுக்குள் இருக்கும் மெழுகு சோப்பில்தான் கரைகிறது. வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். பழம் பழுத்ததும் தரையில் நன்றாகத் தேய்த்து, நுண்முள் போன பிறகு தோலுரித்துச் சாப்பிட்டோம்.

தரையோடு கிடப்பவை

உயரத் தொட்டிகளுக்கு முன்னால் நான்கு அங்குல ஆழமுள்ள தட்டுகளை வரிசையாக வைத்து, படரும் பூண்டுகளுக்கு ஒதுக்கினேன். இந்தப் பதிவில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் யாரும் காசு கொடுத்து வாங்காத செடிகள் இவை.

முதல் தட்டு போர்ச்சுலகா. பருப்புக்கீரை போர்ச்சுலகா ஓலரேசியா. காலையில் பூத்து மதியம் மூடும் பத்துமணிப் பூ போர்ச்சுலகா கிராண்டிஃபுளோரா, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு இலை ஊசி உருளையாக இருக்கும். மூன்றாவது போர்ச்சுலகா குவாட்ரிஃபிடா, நூல் மாதிரித் தண்டு, எதிரெதிராக இலை, கணுவில் வெள்ளை மயிர், நான்கு இதழுள்ள மஞ்சள் பூ. மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காயைப் பாருங்கள். காய் முற்றியதும் நடுவில் வட்டமாக விரிசல் விட்டு, மேல்பாதி மூடி மாதிரி அப்படியே கழன்று விழும். உள்ளே கிண்ணம் நிறையக் கருப்பு விதை. லென்ஸில் ஒவ்வொரு விதைமேலும் வரிசையாகச் சிறு மேடுகள் தெரியும். விதை எடுக்க நான் காகிதத்தின் மேல் தண்டைக் கவிழ்த்துத் தட்டுகிறேன், மூடியும் விதையும் சேர்ந்து விழும்.

பருப்புக்கீரையைப் பறிக்கும்போது மட்டும் மிகக் கவனம். அதே இடுக்கில் அதே படரலோடு இரண்டு பேர் கூடவே வருகிறார்கள். ஒன்று சாரணை, டிரையாந்தீமா என்ற பேரினம். ஒரு கணுவில் எதிரெதிரே உள்ள இரண்டு இலையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பூ வெள்ளையோ இளஞ்சிவப்போ, மஞ்சள் இல்லை. இன்னொன்று சித்திரப்பாலாடை, அதுவும் யூபோர்பியா. எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மா இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: “கிள்ளிப் பாருங்க தம்பி. பால் வந்துச்சுன்னா அது கீரை இல்ல, தூரப் போட்ருங்க.” பேரினத்தைப் பிரிக்க இதைவிடச் சுருக்கமான விதியை நான் எந்தத் தாவரவியல் பாடத்திலும் பார்க்கவில்லை.

தண்ணீர் குறைத்து வளர்க்கும் பருப்புக்கீரையை விடியற்காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாயங்காலம் பறித்தால் குறைவு. கள்ளிகளைப் போலவே இதுவும் வறட்சியில் இரவில் காற்றை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து, பகலில் செலவழிப்பதால் அப்படி. பாசிப்பருப்போடு கூட்டு வைக்கச் சாயங்காலக் கீரையும், புளி சேர்க்காமல் கடைய காலைக் கீரையும் எங்கள் வீட்டில் பறிக்கிறோம். ஆக்சாலிக் அமிலமும் இதில் உண்டு, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடுவது நல்லது.

அடுத்த தட்டில் விஷ்ணுகிரந்தி, எவால்வுலஸ் பேரினம். காலையில் மட்டும் திறந்திருக்கும் சின்ன நீலப் பூ. கொடிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் எதையும் பற்றி ஏறாது. பூவின் நடுவே லென்ஸை வைத்தால் சூல்தண்டு இரண்டாகவும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகவும் பிரிந்து நிற்பது தெரியும். ஓரிதழ் தாமரை பக்கத்தில். ஹைபாந்தஸ் என்று இருந்ததை இப்போது ஆஃப்ரோஹைபாந்தஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். ஐந்து இதழில் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு முறமாக விரிந்திருக்கும், மற்ற நான்கும் கண்ணுக்கே தெரியாது. இரண்டுக்கும் சாதாரணத் தோட்ட மண்ணில் பாதி மணல் போதும். தட்டில் உரம் போட்டால் இலை பெருத்துப் பூ குறைகிறது.

கடைசித் தட்டு கள்ளிமுளையான். பேரினம் காரலூமா. அடீனியத்தின் குடும்பம்தான், வெட்டினால் வெள்ளைப் பால் வராது, தெளிந்த நீர்தான். ஒரு துண்டைக் கொடுத்தவர் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி ஒருவர். காட்டில் தண்ணீர் கிடைக்காத நேரத்தில் இதன் இளந்தண்டை மென்றுகொண்டே நடப்பார்களாம். “வெயில்ல போடுங்க, ஆனா ஒரு புதர் நிழல் வேணும், தனியா நிக்காது” என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னபடி, விஷ்ணுகிரந்தித் தட்டை ஒட்டி, சதுரக்கள்ளியின் நிழல் மதியத்தில் விழும் இடத்தில் வைத்தேன். நான்கு பட்டைத் தண்டின் மெல்லிய நுனியில் தொங்கும் கருஞ்சிவப்புப் பூ, இதழ் ஓரத்தில் மயிர், வாசம் அழுகல் வாடை. ஈக்கள் வருகின்றன. அவற்றோடு மகரந்தம் இரண்டு மஞ்சள் பொட்டலமாக ஒட்டிக்கொண்டு போகிறது. காய் பிடித்தால் இரட்டைக் கொம்பாக நிற்கும், வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரியே விதை பறக்கும். இதைக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வராதீர்கள். ஒரு விரல் நீளத் துண்டு போதும், காயவைத்து மணலில் படுக்கப் போட்டால் வேர் விடும். மூட்டை மூட்டையாக மருந்துக்குப் பறித்துப் பல குன்றுகளில் குறைந்துகொண்டிருக்கிற செடி இது.

பெயர்ச்சீட்டுக்கு அலுமினியக் குளிர்பானக் கேனைக் கத்தரித்துப் பட்டையாக்கி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன். மார்க்கர் எழுத்து ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும், இந்தப் பள்ளம் போகாது. மேல் வரியில் பேரினம், கீழே ஊர்ப்பெயர், மூன்றாவது வரியில் பால் உண்டா இல்லையா.

ஐப்பசி பிறப்பதற்குள் செய்ய இன்னும் ஒரு வேலை பாக்கி. உருண்டைக் காக்டஸ், அடீனியம் தட்டுகளுக்கு மேல் சரிவாக யு.வி. பாலித்தீன் ஷீட் கட்ட வேண்டும். பக்கங்களை மூடாமல், காற்று போகும்படி. சதுரக்கள்ளியும் போர்ச்சுலகாத் தட்டும் வெளியேதான். கோரல் காக்டஸின் நாடாவை அவிழ்த்தாயிற்று. விசிறியின் ஓரத்தில் புது மடிப்பு கிளம்புகிறது, கீழே இலைக்கள்ளிக் குச்சியிலும் பக்கத் தளிர் வருகிறது. அந்தத் தளிரைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். கண்ணாடியோடு.